மருந்து விலை: கொழும்பின் வழியும் சென்னையின் வழியும்

மருந்துக் கடையில் யாரும் பேரம் பேசுவதில்லை. எதை வாங்குவது என்று தீர்மானிப்பவர் மருத்துவர். பணம் கொடுப்பவர் நோயாளி. விலையை முன்கூட்டியே அட்டையில் அச்சிட்டு அனுப்புபவர் உற்பத்தியாளர். மற்றச் சந்தைகளில் வாங்குபவர் கையில் இருக்கும் பலம் இங்கே சிதறிக் கிடக்கிறது. அந்தப் பலத்தை ஓரிடத்தில் திரட்டினால் விலை இறங்கும் என்று நம்பிச் செயல்பட்ட இரண்டு அமைப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று, 1971இல் கொழும்பில் பேராசிரியர் சேனக பிபிலே தலைமையில் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். மற்றொன்று, 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

முதல் பார்வைக்கு இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். கொழும்பின் முயற்சிக்குப் பின்னால் நின்றது 1970இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரிக் கூட்டணி. பிபிலே லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவர். அவரோடு சேர்ந்து மருந்துத்துறை பற்றிய அறிக்கையை எழுதிய டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். சென்னையின் முயற்சியோ இந்தியா தாராளமயத்துக்குள் காலெடுத்து வைத்த ஆண்டுகளில் பிறந்தது. அது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம். அதைக் கட்டியெழுப்புவதில் முன்னின்றவர் ஆர். பூர்ணலிங்கம் என்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. முன்னது மருந்தியல் வகுப்பறையிலிருந்து வந்தது, பின்னது தலைமைச் செயலகத்துக் கோப்புகளிலிருந்து வந்தது. அங்கே அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. இங்கே மருந்துக் கொள்முதல் முறைகேடுகள் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. ஆனாலும் இரண்டும் எடுத்துவைத்த முதல் அடி ஒன்றே.

குறுகிய பட்டியல்

அந்த முதல் அடி, பட்டியலைச் சுருக்குவது. இலங்கையில் அன்று 2,100 அளவில் இருந்த மருந்துகளை பிபிலேயின் குழு ஏறத்தாழ 600 ஆகக் குறைத்தது. கழித்துக்கட்டப்பட்டவற்றில் பல, ஒரே மருந்தின் வெவ்வேறு வணிகப் பெயர்கள்; இன்னும் பல, பயன் நிறுவப்படாத கலவைகள். தமிழ்நாட்டிலும் கழகம் வருவதற்கு முன் மருத்துவமனைகள் தத்தம் போக்கில் நூற்றுக்கணக்கான மருந்துகளை வாங்கிக்கொண்டிருந்தன. கழகம் அதைச் சுமார் 240 அத்தியாவசிய மருந்துகளாக ஒடுக்கிக்கொண்டு தொடங்கியது.

பட்டியல் சுருங்கினால் விலை ஏன் குறைகிறது? நீரிழிவுக்கான மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்வோம். நாற்பது மருத்துவமனைகள் நாற்பது வணிகப் பெயர்களில் சிறுகச் சிறுக வாங்கினால், ஒவ்வொரு விற்பனையாளரும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி விலை சொல்வார். அதே மருந்தை அதன் ஜெனரிக் பெயரில், ஒரே அளவில், ஓராண்டுத் தேவை முழுவதற்கும் ஒருவரே கேட்டால், உற்பத்தியாளர் தன் எந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டலாம். விளம்பரச் செலவு இல்லை, மருத்துவர் வாசலில் காத்திருக்கும் பிரதிநிதிக்குச் சம்பளம் இல்லை, இடைத்தரகருக்குப் பங்கு இல்லை. மாத்திரையின் விலையில் வேதிப்பொருளுக்கு உரிய பங்கு எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் வெளியே தெரிகிறது.

பட்டியலைச் சுருக்குவது மருத்துவரின் உரிமையைப் பறிப்பதாகும் என்ற மறுப்பு இரு கரைகளிலும் எழுந்தது. அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அரிய நோய் கண்டவருக்கு, பட்டியலில் இல்லாத ஒரு மருந்து உயிர்க்கவசமாக இருக்கலாம். சென்னை இதற்கு ஒரு வழி வைத்தது: மருந்துக்கான நிதியில் பெரும்பகுதி கழகத்தின் வழியாகச் செல்ல, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மருத்துவமனைகளின் உள்ளூர்க் கொள்முதலுக்கு விடப்பட்டது. கொழும்போ பட்டியலைத் தீர்மானிக்கும் பொறுப்பை மருத்துவ வல்லுநர்களின் குழுவிடம் கொடுத்தது. அங்கே விதிவிலக்குக்கு வாசல் அறிவியல் வாதம்; இங்கே நிதி ஒதுக்கீடு.

காலவரிசையில் ஓர் அழகான ஒழுங்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை 1977இல் வெளியிட்டது. அதில் இருந்தவை இருநூறு சொச்சம் மருந்துகள். கொழும்பு அதற்கு முன்னால் நடந்தது, அந்தச் சிந்தனைக்கு முன்னோடிகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. சென்னை அதற்குப் பின்னால் வந்தது, உலகம் ஏற்றுக்கொண்ட கருத்தை நடைமுறைக்கு இறக்கியது.

பேனாவும் கிடங்கும்

முதல் அடி ஒன்றானாலும் அடுத்த அடியில் பாதைகள் பிரிகின்றன. பிபிலே மருத்துவரின் பேனாவிலிருந்து தொடங்கினார். மருந்தை ஜெனரிக் பெயரில் எழுதப் பழகிய மருத்துவர் தலைமுறை ஒன்று உருவாகாமல் எந்தக் கொள்முதல் முறையும் நிலைக்காது என்பது ஆசிரியரான அவருடைய உறுதி. மருத்துவமனைகளுக்கான மருந்துக் கையேடு, மருத்துவர்களுக்கான இதழ், பேராதனையில் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி என்று பல ஆண்டுகள் நிலத்தை உழுத பிறகே கூட்டுத்தாபனம் வந்தது. அது 1972 முதல் படிப்படியாக இறக்குமதியைத் தன் கையில் எடுத்தது. உலகம் தழுவிய விலைப்புள்ளிகளைக் கோரி, அரச மருத்துவமனைகளுக்கு மட்டுமன்றித் தனியார் சந்தைக்கும் சேர்த்து வாங்கியது. முழு நாட்டுக்கும் ஒரே வாங்குநர் என்ற நிலை அது.

சென்னை கிடங்கிலிருந்து தொடங்கியது. மருத்துவரின் பேனாவை அது தொடவில்லை. அரசு மருத்துவமனையில் கிடங்கில் இருப்பதுதான் சீட்டில் எழுதப்படும் என்ற எளிய உண்மையை நம்பியது. ஒப்பந்தப்புள்ளிகள் இரண்டு உறைகளில் கேட்கப்பட்டன. முதல் உறையில் உற்பத்தியாளரின் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில் தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படவே மாட்டாது. இடைத்தரகர்களுக்கு இடமில்லை, உற்பத்தி செய்பவரே வர வேண்டும். மிகக் குறைந்த விலை சொன்னவரோடு மற்றவர்களும் அதே விலைக்கு ஒத்துக்கொண்டால் அவர்களுக்கும் ஒரு பங்கு ஆர்டர் கிடைக்கும். ஒருவர் கைவிட்டாலும் வரத்து நிற்காமல் இருக்க இது காப்பு.

இந்த முறையின் உள்ளே ஒரு பொருள் தனிக் கவனத்துக்கு உரியது: பாஸ்புக். ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டு ஒதுக்கீடு அதில் வரவாக எழுதப்பட்டது. மருந்தாளுநர் மாவட்டக் கிடங்குக்கு அதை எடுத்துச் சென்று, தமக்குத் தேவையான மருந்தை எடுப்பார். எடுத்த மருந்தின் மதிப்பு அங்கேயே பற்றாக எழுதப்படும், மீதி கண் முன்னே தெரியும். பாம்புக்கடி மிகுந்த வட்டாரத்து நிலையம் அதற்கேற்ப எடுக்கும். முதியோர் மிகுந்த ஊரின் நிலையம் இரத்த அழுத்த மாத்திரையைக் கூடுதலாக எடுக்கும். மேலிடம் அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் பழைய வழக்கம் போய், மருந்துக்கு என்ன விலை என்று கடைநிலை ஊழியருக்கும் தெரியும் வழக்கம் வந்தது. விலையை அறியாதவர்கள் புழங்கும் துறையில் இது சிறிய புரட்சி.

கொழும்பின் வழியிலும் அதற்கு இணையான ஒன்றைக் காட்டலாம்: கிளினிக் கொப்பி. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு மாதந்தோறும் போகும் முதியவரின் கொப்பியைப் புரட்டினால், பெரும்பாலும் மருந்தின் ஜெனரிக் பெயரே எழுதப்பட்டிருக்கும். குளிசைகள் சிறு காகித உறையில் வரும். வேளையும் அளவும் உறைமேல் குறிக்கப்பட்டிருக்கும். கையிருப்பு இல்லாத மருந்துக்கு வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தாலும், அந்தத் துண்டிலும் அதே பெயர் இருந்தால் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலவில் மலிவானதைக் கேட்டு வாங்க முடிகிறது. பாஸ்புக் நிறுவனத்துக்கு விலையறிவைக் கொடுத்தது; கொப்பி நோயாளிக்கு மருந்தறிவைக் கொடுத்தது.

மலிவு என்றால் மட்டமா?

மருந்து மலிவானால் அதன் தரம் பற்றிய ஐயம் உடனே எழும். நோயாளியின் அச்சம் இயல்பானது. உற்பத்தியாளர்களுக்கு அந்த அச்சமே ஆயுதம். கொழும்பில் பன்னாட்டு நிறுவனங்கள் முன்வைத்த முதன்மை வாதமும் இதுதான். விலைக்கு எதிரான போராட்டத்தில் பாதி, தரத்தை நிரூபிக்கும் போராட்டம் என்று பிபிலே கண்டார். சென்னையும் அதையே கண்டது.

சென்னையின் விடை நுட்பமானது. கிடங்குக்கு வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கப்படும். உற்பத்தியாளரின் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண் இடப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அது போகும். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. முடிவு நல்லதாக வந்த பிறகே மருத்துவமனைகளுக்கு மருந்து திறந்துவிடப்படும். தவறியவர் கறுப்புப் பட்டியலில் சேர்வார். மாத்திரையை டின்னிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த காலமும் மாறியது. அரசு முத்திரையும் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற எச்சரிக்கையும் அச்சிட்ட அட்டைகள் வந்தன. அந்த அச்சு இரண்டு வேலை செய்கிறது: திருட்டைத் தடுக்கிறது, நோயாளிக்கு மருந்தின்மேல் மதிப்பை உண்டாக்குகிறது.

நடைமுறை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொழும்பு அண்மையில் வேதனையோடு கற்றது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் அவசரக் கொள்முதல் என்ற பெயரில் வழக்கமான படிகள் தாண்டப்பட்டன. தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து அரச மருத்துவமனைகளுக்கு வந்தது வெளிப்பட்டு, சுகாதாரத்துறைக்கு முன்பு பொறுப்பாயிருந்த அமைச்சரே 2024 தொடக்கத்தில் கைதானார். மருந்தின் விலையையும் தரத்தையும் காப்பது ஒரே நடைமுறைதான். ஒன்றைத் தளர்த்தினால் இரண்டும் சேர்ந்து போகும்.

எதிர்ப்பும் ஆயுளும்

முழுச் சந்தையையும் தொட்டதால் கொழும்பு முழுச் சந்தையின் எதிர்ப்பையும் சந்தித்தது. 1974இல் காலரா பரவியபோது கூட்டுத்தாபனம் டெட்ராசைக்ளின் மூலப்பொருளைப் பல மடங்கு மலிவாக வேறு நிறுவனத்திடம் வாங்கி வைத்திருந்தது. அதைக் கேப்சூலாக்கித் தரும் வசதி கொண்டிருந்த ஃபைசர் நிறுவனம் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கூடுதல் செலவில் மருந்தை வரவழைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கே கடிதம் எழுதியது. தூதரக அழுத்தமும் சேர்ந்துகொண்டது. 1977இல் ஆட்சி மாறியது, தனியார் இறக்குமதிக்குக் கதவு மீண்டும் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஐக்கிய நாடுகள் பணியில் இருந்த பிபிலே கயானாவில் காலமானார். முழு வடிவில் அவருடைய முறை நீடித்தது சில ஆண்டுகளே.

சென்னை தன் எல்லையை அரசு மருத்துவமனையின் மதிற்சுவரோடு நிறுத்திக்கொண்டது. அதனால் பன்னாட்டு நிறுவனங்களின் சினத்துக்கு அது ஆளாகவில்லை. 1996, 2001, 2006, 2011, 2021 என ஆட்சி கைமாறிய ஒவ்வொரு முறையும் பிழைத்தது. இரண்டு திராவிடக் கட்சிகளும் அதைத் தங்களுடையதாகவே நடத்தின. கேரளம் அதைப் பார்த்துத் தன் கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது சென்னையின் முறையையே முன்மாதிரியாகக் கொண்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. அந்த வசதிக்கு அடித்தளம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செயல்பட்ட கிடங்குகள்.

ஆனால் அந்த நீண்ட ஆயுளுக்கு ஒரு விலை உண்டு. மதிற்சுவருக்கு வெளியே, தனியார் மருத்துவரின் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகும் தமிழ்நாட்டு நோயாளிக்குக் கழகத்தால் நேரடிப் பயன் இல்லை. சீட்டில் எழுதிய வணிகப் பெயருக்கு மாற்றாக வேறொன்றைக் கடைக்காரர் தாமாகக் கொடுக்க இந்திய மருந்து விதிகள் இடம் தருவதில்லை. மருத்துவர்கள் ஜெனரிக் பெயரிலேயே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதி அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் அத்தியாவசிய மருந்தின் உச்சவரம்பைக் குறிப்பிட்ட சந்தைப் பங்குள்ள வணிகப் பெயர்களின் சராசரியிலிருந்தே கணக்கிடுகிறது. உயர்ந்த விலைகளின் சராசரியும் உயர்ந்தே நிற்கும்.

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. துணிந்த முயற்சி சீக்கிரம் ஒடிந்தது, அதன் கருத்து உலகெங்கும் பரவியது. அடக்கமான முயற்சி நிலைத்தது, அதன் நடைமுறை மாநிலங்களுக்குப் பரவியது.

எதிர்பாராத உறவு

இவ்வளவு வேற்றுமைக்கு நடுவே இரண்டையும் பிணைக்கும் ஒரு நூல் இருக்கிறது, அது இரண்டுக்கும் வெளியே நெய்யப்பட்டது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்பதை விலக்கி, தயாரிப்பு முறைக்கு மட்டும் அது உரிமை தந்தது. அதன் நிழலில் குஜராத்திலும் ஐதராபாத்திலும் பம்பாயிலும் ஜெனரிக் ஆலைகள் வளர்ந்தன. சென்னையின் விலை உறைகளில் ஒரே மருந்துக்குப் பலர் போட்டியிட்டது இதனால்தான். கொழும்பும் பிற்காலத்தில் மலிவாக வாங்க அந்த ஆலைகளை நாடியது. பிபிலே இறக்குமதியைக் கையிலெடுத்த அதே ஆண்டில், அவருக்குப் பின் வரப்போகும் சென்னைக்கும் சேர்த்து டெல்லியில் ஓர் அடித்தளம் போடப்பட்டது.

இந்த நூல் இன்னொரு முறையும் இழுபட்டது. 2022இல் டாலர் தீர்ந்த இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு முற்றியது. மார்ச் மாதத்தில் பேராதனை போதனா மருத்துவமனை வழக்கமான அறுவை சிகிச்சைகளை நிறுத்தியது. பிபிலே பாடம் சொன்ன ஊர் அது. ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உதவித் தீர்மானம் நிறைவேற்றியது. அரிசி, பால்மாவோடு 28 கோடி ரூபாய் மதிப்பில் 137 வகை உயிர்காக்கும் மருந்துகளை அனுப்ப அரசு முடிவு செய்தது. முதல் கப்பல் மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 1974இல் டெட்ராசைக்ளின் விமானத்தில் வந்தது. 2022இல் சென்னையிலிருந்து மருந்து கடல் கடந்தது. மலிவாக வாங்கும் அறிவு கொழும்புக்கு முதலிலேயே இருந்தது. உள்நாட்டில் போதுமான உற்பத்தியும் அந்நியச் செலாவணியும் இல்லாதபோது அந்த அறிவு மட்டும் போதவில்லை. சென்னைக்கு வாய்த்தது அதன் அருகிலேயே இருந்த ஆலைகள்.

அண்மை ஆண்டுகளில் இரு கரைகளும் ஒன்றின் திசையில் மற்றொன்று நகர்வதையும் காண்கிறோம். கொழும்பு 2015இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குச் சட்டம் இயற்றி, மறு ஆண்டு 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தது. கைவிட்ட பாதைக்கு விதிகளின் வழியாகத் திரும்பும் முயற்சி அது. சென்னை 2025 பிப்ரவரியில் ஆயிரம் ‘முதல்வர் மருந்தக’ங்களைத் திறந்து, மதிற்சுவருக்கு வெளியே தனியார் சீட்டோடு வருபவரையும் முதன்முறையாகப் பெரிய அளவில் எதிர்கொள்கிறது. ஒசுசல நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது.

எது சிறந்தது?

ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால், இன்று நோயாளிகளின் கையில் மருந்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் சென்னையின் முறைக்கே என் வாக்கு. நிலைத்து நிற்பது மருந்து விஷயத்தில் பெரிய அறம். மாதா மாதம் மாத்திரை தேவைப்படுபவருக்கு ஐந்தாண்டு மட்டும் நீடிக்கும் சீர்திருத்தம் உதவாது. ஆனால் சென்னையின் முறை முழுமை பெற வேண்டுமானால் கொழும்பின் பாடம் அதற்குத் தேவை. பேனா மாறாத வரை மருந்தகங்களின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும், அங்கே கிடைக்கும் மருந்தின் பெயர் சீட்டில் இருக்காது. மருத்துவக் கல்லூரிகளில் ஜெனரிக் பெயரில் எழுதும் பயிற்சியும், மருந்து நிறுவனங்களின் கை படாத தகவல் இதழும், விலையும் மாற்றும் அறிந்த மருந்தாளுநர்களும் தமிழ்நாட்டுக்கு உடனடித் தேவை. கொழும்புக்குத் தேவை, எந்த அவசரத்திலும் மீற முடியாத கொள்முதல் நடைமுறையும் பெயர் மறைத்த தரச் சோதனையும்.

வாசகர் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மருந்தின் ஜெனரிக் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். அதே மருந்து, அதே அளவு முதல்வர் மருந்தகத்திலோ மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ ஒசுசலவிலோ என்ன விலை என்று விசாரியுங்கள். வலிப்பு, தைராய்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் போன்றவற்றில் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் நிறுவனத்தை மாற்றாதீர்கள். சிதறிக் கிடக்கும் பலத்தில் ஒரு பங்கு நோயாளியிடமும் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.